சுற்றுப்போட்டி ரீசேட்: அணிதலும் சேர்த்துவைத்தலும்

தற்காப்புக் கலைச் சுற்றுப்போட்டி ஒன்றுக்கென அச்சடித்து, அன்று அந்த மண்டபத்தில் நின்றவர்களுக்குக் கொடுக்கப்படும் ரீசேட் ஒரு தனி வகை உடுப்பு. அதன் நெஞ்சில் நிகழ்வின் பெயரும் ஆண்டும் இருக்கும். பெரும்பாலும் ஊரின் பெயரும் இருக்கும். முதுகில் அனுசரணையாளர்களின் சின்னங்கள் வரிசையாக நிற்கும். கராத்தே, ஜூடோ, டைக்குவாண்டோ, வூசூ, குத்துச்சண்டை, சிலம்பம் என எந்தக் கலையானாலும் இந்த அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. கொழும்பில் பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில், வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், அலுமாரியின் அடித்தட்டில் இப்படி ஒன்றாவது கிடக்கும்.

கராத்தேக்காரரின் வெள்ளை உடுப்பு அவர் எந்தப் பாணியைச் சேர்ந்தவர் என்று சொல்லும். இடுப்புப் பட்டி அவருடைய தரத்தைச் சொல்லும். எந்த நாளில், எந்த ஊரில், யாரோடு நின்றார் என்பதை இரண்டும் சொல்வதில்லை. பதக்கம் அதைச் சொல்லும். ஆனால் பதக்கம் வென்றவருக்கு மட்டுமே உரியது. முதற்சுற்றிலேயே தோற்று, மதியச் சோற்றுப் பொதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைக்கும், புள்ளிப் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்த தொண்டருக்கும், முதலுதவிப் பெட்டியோடு ஓரத்தில் இருந்தவருக்கும் கிடைத்தது ரீசேட்தான். ஒரு விளையாட்டின் வரலாற்றை வென்றவர்களின் பட்டியலாக மட்டும் எழுதினால் மண்டபத்தில் நின்ற பெரும்பகுதியினர் அதில் இடம்பெற மாட்டார்கள். சுற்றுப்போட்டி ரீசேட்டின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. பங்கேற்புச் சான்றிதழும் இதே வேலையைச் செய்கிறதே என்று கேட்கலாம். சான்றிதழ் போட்டியாளருக்குக் கிடைக்கும், தொண்டருக்கு எப்போதும் கிடைக்காது. நேர்முகத்தேர்வுக்கு உதவும் என்பதால் சான்றிதழ் கோப்பில் பத்திரமாக இருக்கும்; ரீசேட் இரண்டு வருடத்தில் நிலம் துடைக்கும் துணியாகிவிடும்.

வெள்ளைப் பயிற்சி உடுப்பும் ரீசேட்டும் வேறுவேறு வழியாக வந்து ஒரே மண்டபத்தில் சந்தித்தவை. 1882இல் தோக்கியோவில் கொடோகானைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஜூடோவுக்கென்று தடித்த பருத்தி மேலாடையையும், தரம் காட்டும் பட்டியையும் வழக்கமாக்கினார். ஒக்கினாவாவைச் சேர்ந்த கிச்சின் புனகோஷி 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய பிறகு, அந்த உடுப்பின் இலேசான வடிவமே கராத்தேயின் உடுப்பாயிற்று. 1924இல் புனகோஷி தம் மாணவர்களுக்கு முதற் கறுப்புப் பட்டிகளை வழங்கினார். ஒரே வெள்ளை, ஒரே வெட்டு என்பதே அந்த உடுப்பின் ஒழுங்கு. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் அதற்குள் ஒன்றாகவே தெரிவார்கள். இந்த ஒழுங்கைக் கலைப்பதற்கு எவரும் இலகுவில் துணியவில்லை. ஜூடோவில் பார்வையாளர் இருவரையும் பிரித்தறிவதற்காக ஒருவருக்கு நீல உடுப்புக் கொடுக்கும் யோசனை நீண்ட வாதத்துக்குப் பிறகு 1997இல்தான் ஏற்கப்பட்டது.

ரீசேட்டின் பிறப்பு இதைவிட எளியது. அமெரிக்கக் கடற்படை 1913இல் தன் மாலுமிகளுக்குச் சீருடைக்கு உள்ளே அணியக் கொடுத்த அரைக்கைப் பெனியன் அது. பட்டுத்துணிச் சட்டத்தின் வழியாக மையை அழுத்தி அச்சிடும் முறைக்கு மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்றிருந்தார். உள்ளாடை வெளியாடையாக மாறியபோது இந்த அச்சு முறை அதில் ஏறியது. புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று காலமானார். அடுத்த மாதம் வெளிவந்த ‘எண்டர் த டிராகன்’ உலகின் பல நகரங்களில் இளைஞர்களைப் பயிற்சி வகுப்புகளின் வாசலுக்குக் கொண்டுவந்தது. வகுப்புகள் பெருகியபின் சுற்றுப்போட்டிகள் பெருகின. அவற்றோடு ரீசேட்டும் வந்தது.

ஆனால் போட்டி விரிப்பின்மேல் அதற்கு இடமில்லை. கராத்தேயிலும் ஜூடோவிலும் ஆண்கள் மேலாடைக்கு உள்ளே எதையும் அணிவதில்லை. பெண்கள் அணியும் ரீசேட் எழுத்தோ படமோ இல்லாத வெள்ளையாக இருக்க வேண்டும். ஆகவே சுற்றுப்போட்டி ரீசேட் சண்டைக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்துக்குரியது. உடம்பைச் சூடாக்கும் மூலை, பெயர் கூப்பிடும்வரை காத்திருக்கும் வாங்கு, பஸ் பயணம், மறுநாள் பாடசாலைக்குப் பிந்திய வகுப்பு ஆகியன அதன் இடங்கள். விளையாட்டின் ஒளிப்படங்களில் சண்டையே இடம்பிடிக்கிறது. காத்திருப்பின் நினைவு துணியில்தான் தங்குகிறது.

கொழும்பில் இந்த உடுப்பின் புவியியலை அறிய வடக்கே கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்கலாம். கொழும்பு 13இன் எல்லைக்குள் சுகததாச விளையாட்டரங்கும் அதன் உள்ளக அரங்கும் இருக்கின்றன. கொழும்பு மேயராகவும் பின்னர் விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்த வீ. ஏ. சுகததாசவின் பெயர் அவற்றுக்கு. தேசியச் சுற்றுப்போட்டிகள் பல நடந்த கூரை அது. நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்த அரங்கு ஒரு முழுநாள் பயணத்தின் முடிவு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கோ அது நடந்துபோகும் தூரம். பாடசாலை மண்டபங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி எடுத்த பிள்ளைகள் அந்த அரங்கைத் தங்கள் அயலாகவே எண்ணி வளர்ந்தார்கள். தெற்கே வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒழுங்கைகள் நெருங்கிக் கிடக்கின்றன. வாடகை மாடிகளிலும் பாடசாலைகளிலும் வகுப்புகள் நடக்கும். போட்டி நாளின் விடியலில் இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒரே அரங்கின் படிகளில் ஒரே நிற ரீசேட்டோடு நிற்பார்கள்.

கொழும்பு இந்த உடுப்புக்கு ஏற்ற நகரமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் தையல் தொழில். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆடை இலங்கையின் முதன்மை ஏற்றுமதிகளில் ஒன்றாயிற்று. வெளிநாட்டுக் கட்டளைகளில் மிஞ்சிய பின்னல் துணியும், சிறு பிழைக்காகத் தள்ளுபடியான ரீசேட்களும் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தன. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் மஹரகமவுக்கு அருகே பமுனுவவிலும் அவை மொத்தமாக விற்பனையாயின. பணம் அதிகம் இல்லாத ஒரு சங்கத்துக்கு இது பெரிய உதவி. நூற்றுக்கணக்கான வெற்று ரீசேட்களை மலிவாக வாங்கி, அச்சுக்கூடத்தில் கொடுத்து, ஒரு வாரத்தில் பெற்றுக்கொள்ள முடிந்தது. பழைய சுற்றுப்போட்டி ரீசேட் ஒன்றின் கழுத்தில் ஐரோப்பியக் கடை ஒன்றின் சிட்டை தைத்திருப்பதையும், சில வேளை அது பாதி வெட்டப்பட்டிருப்பதையும் காணும் சேகரிப்பாளர் குழம்பத் தேவையில்லை. அந்தத் துணி வெளிநாட்டுக்கென்று தைக்கப்பட்டு உள்ளூரிலேயே தங்கியது என்பதே அதன் பொருள்.

சட்ட அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம் வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும். ஒரு நிறத்திலும் இரண்டு நிறத்திலும் அமைந்த வடிவங்கள் இவ்வளவு இருப்பதற்குக் கலைரசனையைவிட இந்தக் கணக்கே காரணம். ஆனால் அந்தக் கட்டுப்பாடே பல நல்ல வடிவங்களையும் தந்தது. உயர்த்திய கால் ஒன்றின் கறுப்பு நிழலுருவம், அதன் பின்னால் ஒரு சிவப்பு வட்டம், கீழே ஆண்டு. பத்தடிக்கு அப்பால் நின்றாலும் தெரியும். பிளாஸ்டிக் கலந்த மை துணியின் மேல் ஒரு படலமாக நின்று, ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுகும். வெப்பம் போதாவிட்டால் சில தோய்ச்சலிலேயே வெடித்து உதிரும். அவசரத்தில் செய்த வேலையின் அடையாளம் அது. போட்டிக்கு முதல்நாள் இரவு அச்சடித்த ரீசேட்டை இப்படியே இனங்காணலாம்.

பின்னாளில் பொலியெஸ்டர் துணி வந்தது. வியர்வை சீக்கிரம் காயும், பாரம் குறைவு என்பதால் பயிற்சிக்கு அது நல்லது. வெப்பத்தால் சாயத்தை இழைக்குள்ளேயே ஏற்றும் முறையில் எத்தனை நிறமும் ஒரே செலவில் வரும். அதனால் ரீசேட் முழுவதும் தீச்சுவாலையும் மின்னலும் பரவின. சேகரிப்பாளரின் கண்ணுக்கு இது நட்டம். எல்லாம் முடியும் என்றானபோது எதை விடுவது என்று வடிவமைப்பாளர் யோசிப்பதைக் கைவிட்டார். சிவப்புப் பொலியெஸ்டரில் பழைய முறைப்படி வெள்ளை மையால் அச்சடித்தால் துணியின் சாயம் மைக்குள் ஊறி எழுத்து இளஞ்சிவப்பாகும். இரு முறைகளும் மாறிய காலத்து ரீசேட்களில் இந்தக் குறை காணப்படும், காலத்தைக் கணிக்கவும் அது உதவும்.

சின்னங்களில் கைமுட்டியும் டிராகனும் உதயசூரியனும் எங்கும் உள்ளவை. கராத்தேயின் ஷோட்டோகான் பாணிக்குரிய புலி தனிக் கவனத்துக்குரியது. புனகோஷியின் நண்பரான ஓவியர் ஹோஆன் கோசுகி வரைந்த அந்தப் புலி வட்டத்துக்குள் வளைந்து நிற்கும். உலகெங்கும் அந்தப் பாணியின் ரீசேட்களில் அது நெஞ்சின் இடப்பக்கத்தில் இருக்கும். போர்க்காலக் கொழும்பில் அதற்கு வேறு பொருள் இருந்தது. சோதனைச் சாவடிகளும் வீடுவீடான தேடுதல்களும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அன்றாடமாயிருந்த ஆண்டுகளில், தமிழ் இளைஞன் ஒருவன் நெஞ்சில் புலியோடு வீதியில் இறங்குவது விளையாட்டான காரியம் அல்ல. யப்பானிய ஓவியரின் புலி என்று சாவடியில் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் என்னவும் நடந்திருக்கலாம். ஒரே வகுப்பில் ஒரே மாஸ்டரிடம் படித்த சிங்கள நண்பனுக்கு அந்த ரீசேட் வெறும் ரீசேட். அந்தக் காலத்துப் புலிச் சின்ன ரீசேட் ஒன்று தமிழ் வீட்டில் அதிகம் தேயாமல் கிடைத்தால், அது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு.

எழுத்தும் அதே அளவுக்குப் பேசும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழ் இலங்கையின் அரசகரும மொழிகளில் ஒன்றாயிற்று. ஆயினும் சுற்றுப்போட்டி ரீசேட்டில் ஆங்கிலமே மேலோங்கியது; மூன்று மொழியிலும் அச்சடித்தவை இருக்கின்றன, அவற்றில் தமிழ் வரி பலமுறை சிதைந்து கிடக்கும். காரணம் பெரும்பாலும் கணினி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருந்தன. அச்சுக்கூடக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வரி பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவையாக வெளிவரும். ஒருங்குறி வந்தபின் பிழையின் வகை மாறியது. தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத வரைகலை மென்பொருளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். கராத்தே, சுற்றுப்போட்டி, கொழும்பு என்ற மூன்று சொற்களிலும் கொம்பு உண்டு. இத்தகைய ரீசேட்டில் கட்டாயம் வரும் சொற்களே கட்டாயம் உடையும் சொற்களாக அமைந்தன. மண்டபத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கக்கூடிய பிழையை அச்சுக்கு முன் வாசிக்க ஒருவரும் இல்லாமற்போனது வருத்தத்துக்குரியது. ஆயினும் அந்தச் சிதைவே இன்று காலத்தைக் காட்டும் சான்று. ரோமன் கோவையாய்க் கிடப்பது பழைய எழுத்துருக் காலத்து வேலை. கொம்பு இடம்மாறியது ஒருங்குறிக் காலத்து வேலை.

ஆண்டு அச்சடிக்கப்படாத ரீசேட்டின் காலத்தைக் கணிக்க முதுகுப்பக்கம் இன்னும் உறுதியான வழிகளைத் தரும். 2003க்கு முன் கொழும்பின் தொலைபேசிக் குறியீடு 01. எண்கள் ஆறு இலக்கம். அந்த ஆண்டு குறியீடு 011 ஆகி, எண்ணின் முன்னால் 2 சேர்ந்து ஏழு இலக்கமாயிற்று. அனுசரணை வழங்கிய காலி வீதிப் புடைவைக் கடையின் எண்ணைப் பார்த்தே ரீசேட் எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடலாம். கைத்தொலைபேசி நிறுவனங்களின் பெயர்கள் இதைவிட நுணுக்கமான அளவுகோல். செல்டெல் என்ற பெயர் 2007இல் டிகோ ஆயிற்று. டிகோ 2010இல் எட்டிசலாட் ஆயிற்று. அதுவும் 2018இல் ஹட்ச்சோடு இணைந்தது. டயலொக் டெலிகொம் 2010இல் டயலொக் ஆசியாட்டா என்று மாறியது. டிகோவின் சின்னம் உள்ள ரீசேட் மூன்று வருட இடைவெளிக்குள் அடங்கிவிடும். இவ்வளவு குறுகிய எல்லையைத் துணியோ தையலோ தராது.

விளையாட்டு அமைப்புகளின் பெயர்மாற்றங்களும் அப்படியே. உலக டைக்குவாண்டோ அமைப்பு தன் பெயரிலிருந்து சம்மேளனம் என்ற சொல்லை 2017இல் நீக்கியது. உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பழைய நான்கெழுத்துச் சுருக்கமான ஏஐபிஏ 2021இன் இறுதியில் ஐபிஏ ஆயிற்று. தெற்காசிய விளையாட்டு விழாவின் பெயரில் இருந்த சம்மேளனம் என்ற சொல் 2004இல் விடப்பட்டது. 1991இல் கொழும்பில் நடந்த ஐந்தாவது விழாவின் உடுப்புகளில் பழைய பெயரும், 2006 ஆகஸ்ட் 18 முதல் 28 வரை இதே நகரில் நடந்த பத்தாவது விழாவின் உடுப்புகளில் புதிய பெயரும் இருக்க வேண்டும். கராத்தே, ஜூடோ, டைக்குவாண்டோ, வூசூ, குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் கொழும்புக்கு வந்த அரிய வாரம் அது. இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி அவ்விழாவின் சின்னப் பாத்திரம். கொழும்புச் சேகரிப்பு ஒன்றுக்கு மையப்பொருள் தேடுபவர் 2006இலிருந்து தொடங்குவது நல்லது. நகரில் அதிகம் வழங்கப்பட்டவை, இன்னும் பல வீடுகளில் எஞ்சியிருப்பவை அவை.

அச்சடித்த ஆண்டு நடந்த ஆண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. தோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தது. உடுப்புகளில் 2020 என்றே இருக்கும். கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்ற ஒரே முறை அது. இலங்கையிலும் ஒத்திவைக்கப்பட்ட போட்டிகளுக்கு முன்னரே அச்சடித்த ரீசேட் பிறகு வழங்கப்படுவது உண்டு. உடையவரின் வாய்மொழியை உடனே எழுதிவைக்காவிட்டால் இந்த வேறுபாடு என்றைக்கும் தெரியாமற்போகும்.

ஒரே நிகழ்வுக்குப் பல வகை ரீசேட் இருக்கும். போட்டியாளருக்கு ஒரு நிறம், தொண்டருக்கு இன்னொரு நிறம், பயிற்றுநருக்கு மூன்றாவது நிறம் என்று பிரிப்பது மண்டப ஒழுங்குக்காக. நடுவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவதால் அவர்களுக்குரியது பெரும்பாலும் கொலர் வைத்த ரீசேட், மாலையில் அணிவதற்கு. எண்ணிக்கையில் குறைந்தவை தொண்டர் ரீசேட்கள். அடுத்த நிகழ்விலும் அணிந்து தேய்த்துவிடுவதால் எஞ்சுபவை இன்னும் குறைவு. பயிற்சி முகாம்களின் ரீசேட் வேறொரு குடும்பம். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் வந்து இரண்டு நாள் கற்பித்த முகாமுக்கு அவருடைய பெயரோடு அச்சடிப்பார்கள். பத்திரிகையில் வராத அந்த வருகைக்குச் சில வேளை அதுவே ஒரே அச்சுச் சான்று.

அணியும் வழக்கத்தில் எழுதாத சில விதிகள் இருக்கின்றன. தான் போகாத போட்டியின் ரீசேட்டை அணிவது அழகல்ல. அண்ணனுடையதைத் தம்பி போடுவது இதற்கு விலக்கு. அங்கே அது குடும்பத்தின் உடைமை. பயிற்றுநர் என்று முதுகில் உள்ளதை மாணவர் போடுவதில்லை. தேசிய அணியின் ரீசேட்டை அணியில் இருந்தவர் மட்டுமே போடுவார். வாங்கிப் போட்டவரை மண்டபத்தில் நாலுபேர் கேள்வி கேட்பார்கள். வேறொரு பாணியின் வகுப்புக்குப் போகும்போது தன் பாணியின் பெரிய சின்னத்தோடு போகாமல் இருப்பது மரியாதை. கோயிலுக்கும் சாவீட்டுக்கும் எவரும் போட்டுக்கொண்டு போவதில்லை. கடற்கரை ஓட்டம், சந்தை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் அது போகும். ரீசேட் தேய்வது இந்தச் சாதாரண இடங்களில்தான், சண்டையில் அல்ல. தேய்ந்த ரீசேட்டை அணிந்து பயிற்சிக்கு வரும் மூத்தவரின் நெஞ்சில் உள்ள பழைய ஆண்டை இளையவர்கள் கவனிக்கிறார்கள். கறுப்புப் பட்டியை எவரும் கட்டலாம் என்ற நிலை வந்துவிட்ட காலத்தில், இருபது வருடத்துக்கு முந்திய போட்டியின் மங்கிய அச்சுக்கு அங்கே தனி மதிப்பு.

பழையவை ஏன் இவ்வளவு குறைவு? 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிரோடு தப்பியவர்கள் உடுத்த துணியோடு அகதி முகாம்களுக்குப் போனார்கள். அந்த ஆண்டுக்கு முந்திய எந்தப் பொருளும் கொழும்புத் தமிழ் வீடுகளில் அரிதாக இருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதன்பின் புலப்பெயர்வு. ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ சிட்னிக்கோ போகும் ஒருவரின் பெட்டியில் நிறைக்கு எல்லை உண்டு. சான்றிதழ் போயிற்று, படங்கள் போயின, குளிர் உடுப்புகள் போயின. பழைய ரீசேட் பின்னால் நின்ற தங்கைக்கோ வேலைக்கு வந்தவருக்கோ கொடுக்கப்பட்டது. மாறாக, வழியில் குளிருக்கு உள்ளே போட்டுக்கொண்டதால் கடல் கடந்து தப்பியவையும் இருக்கும். ஆகவே கொழும்புக் கராத்தேயின் உடுப்புகள் சிலவற்றைக் கொழும்பில் தேடுவதைவிட ரொறன்ரோவின் ஸ்காபறோவில் தேடுவது பயன் தரலாம்.

உலகின் வேறு இடங்களில் இச்சேகரிப்பு வியாபாரமாகவும் இருக்கிறது. 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் யூஎஃப்சி தொடங்கிய பிறகு கலப்புச் சண்டைக்கென்று தனி உடுப்பு வணிகம் எழுந்தது. 1997இல் டாப்அவுட் போன்ற நிறுவனங்கள் வந்தன. 2015 ஜூலை முதல் யூஎஃப்சி வீரர்கள் ரீபொக்கின் சீருடையையும், 2021 ஏப்ரல் முதல் வெனமின் சீருடையையும் அணிந்தார்கள். வீரர்கள் தத்தம் அனுசரணையாளரின் ரீசேட்டோடு கூண்டுக்கு நடந்துவந்த காலம் முடிந்ததால், அக்காலத்து ரீசேட்களுக்குப் பழம்பொருள் சந்தை உண்டாயிற்று. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. பின்னலாடை நகரமான திருப்பூர் அருகில் இருப்பதால் சிறு ஊர்ச் சிலம்பக் கூடமும் தன் பெயரில் அச்சடிக்கக்கூடியதாக இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் உடுப்புகளை இப்போதே எடுத்துவைப்பது அறிவுடைமை. கொழும்பு ரீசேட்களுக்குச் சந்தை விலை என்று சொல்லத்தக்கது இல்லை. அதனால் போலி செய்பவரும் இல்லை, எறிபவர்தான் அதிகம்.

நல்ல சேகரிப்பு எண்ணிக்கையால் அமைவதில்லை. ஒரு மண்டபம், ஒரு பாடசாலை, ஒரு பாணி, ஒரு பத்தாண்டு என்று எல்லை வகுத்துக்கொண்டு அதை நிரப்புவது பயனுள்ளது. கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள் சுகததாச உள்ளக அரங்கில் பெற்ற ரீசேட்கள் என்று பத்து இருந்தால் அது ஒரு வரலாறு. உலகின் பத்து நாட்டிலிருந்து இணையத்தில் வாங்கிய பத்து வெறும் துணி. அணிந்து தேய்ந்ததை ஒதுக்கிப் புதியதைத் தேடுவது முத்திரை சேகரிப்பவரின் பழக்கம், இங்கே அது பொருந்தாது. கழுத்தில் மார்க்கர் பேனையால் எழுதிய பெயரும், தாய் தைத்துக் குறைத்த கையும் ரீசேட்டின் பகுதிகளே. சிறுவருக்கும் பெரிய அளவே வந்து சேர்ந்த போட்டிகளில் இந்தத் தையல் அடிக்கடி காணப்படும்.

கொழும்பின் காற்று துணிக்குப் பகை. ஈரப்பதன் ஆண்டு முழுவதும் அதிகம். கடலோர மரைன் டிரைவை அண்டிய வீடுகளில் உப்பும் சேரும். வியர்வையோடு மடித்துவைத்த ரீசேட்டில் சில வாரத்தில் பூஞ்சணம் கரும்புள்ளியாய் இறங்கும், பிறகு போகாது. எடுத்துவைக்குமுன் உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் இலேசான சவர்க்காரத்தில் தோய்த்து, நிழலில் முற்றாக உலர்த்த வேண்டும். அச்சின்மேல் இஸ்திரி வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் மை வெப்பத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். ஆதலால் அச்சுக்கும் அச்சுக்கும் இடையில் அமிலமற்ற மெல்லிய தாளோ, பலமுறை தோய்த்த வெள்ளைப் பருத்தித் துணியோ வைப்பது அவசியம். அச்சின் குறுக்கே மடித்தால் மடிப்புக்கோட்டில் வெடிக்கும், உருட்டிவைப்பது மேல். இறுக மூடிய பொலித்தீன் பை ஈரத்தைச் சிறைப்படுத்தும். இரும்புப் பெட்டியின் கறள் துணியில் ஏறும். பூச்சி உருண்டையின் ஆவி பிளாஸ்டிக் மையை இளக்கக்கூடும் என்பதால் அதை ரீசேட்டோடு சேர்த்து வைக்காமல், மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுவதே நம் காலநிலைக்கு ஏற்ற காவல்.

குறிப்பில்லாத ரீசேட் பாதி ஊமை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வேண்டும். நிகழ்வு, நாள், இடம், யாருக்குரிய வகை, யாரிடமிருந்து வந்தது, அவர் சொன்ன செய்தி, துணி, அச்சு முறை, கழுத்துச் சிட்டையில் உள்ளது எல்லாம் அதில் இடம்பெறும். முன்புறம், பின்புறம், சிட்டை மூன்றையும் பகல் வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களோடு பாடசாலை மலர்களையும் சிறப்பு மலர்களையும் பிரசுரங்களையும் வருடிச் சேர்த்திருக்கிறது. சுற்றுப்போட்டி மலர் ஆவணமானால் அதே நாளில் அதே அச்சுக்கூடத்தில் பிறந்த ரீசேட்டும் ஆவணமே; அதன் படங்களையும் அட்டையையும் மலர்களோடு ஓரிடத்தில் வைப்பது இரண்டையும் விளங்கிக்கொள்ள உதவும். பிள்ளைகளின் பெயர் எழுதப்பட்டவற்றைப் பொதுவில் காட்டும்போது அப்பெயரை மறைத்து, உடையவரின் சம்மதத்தை அட்டையின் பின்புறத்தில் நாளோடு எழுதிவைக்க வேண்டும். துணியைக் குடும்பம் வைத்திருக்க விரும்பினால் அதை விட்டுவிட்டுப் படத்தோடும் குறிப்போடும் திரும்புவது போதும்.